கூமாப்பட்டி ஹவில்தாரும் உச்சிமுனியும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை ஒட்டி, மூடிப்போன நூல் மில் ஒன்றின் குடோன் இருக்கிறது. பஞ்சு மூட்டை அடுக்கிய காலத்தில்கூட அங்கே இப்படி நெரிசல் இருந்ததில்லை. வெள்ளைத் தலைகள். வழுக்கைத் தலைகள். வெயிலிலும் மப்ளர் சுற்றிய தலைகள். ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். மினி பஸ்ஸில் வந்தார்கள். மகனுடைய பைக்கில், கேஸ் சிலிண்டர் மாதிரி, கட்டி வைக்காத குறையாக உட்கார்ந்து வந்தார்கள்.

வாசலில் பேனர்.

"பகலில் கண் அசருகிறதா? பெயர் மறக்கிறதா? உச்சிமுனி உங்கள் மூளையைத் தின்றுகொண்டிருக்கிறது. உடனே வாரீர்."

மூளையைத் தின்றுகொண்டிருந்தால் விலாசம் எப்படி ஞாபகம் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிறவர்களுக்கு அங்கே வேலையும் இல்லை.

பேனரின் நடுவில் விழிச்சித்தர். பல வருடங்களாக இமை மூடாதவர். பகலிலும் தூங்காதவர், இரவிலும் தூங்காதவர். அவர் கண்ணிலிருந்து இரண்டு சிவப்புக் கதிர்கள் புறப்பட்டு, கொம்பு வைத்த ஒரு முனியின் நெஞ்சைத் துளைத்தன. கம்ப்யூட்டரில் அடித்த கதிர்தான். ஆனால் கூட்டம் அந்தப் பக்கமாகப் போகும்போது கொஞ்சம் குனிந்தே போனது.

சித்தரின் தத்துவம் எளிமையானது. மத்தியானச் சோறு இறங்கியதும் வயசாளிகளுக்குக் கண் சொக்கும். அது தூக்கம் இல்லை. உச்சிமுனி காதுக்குள் இறங்கி, இளநீரை உறிஞ்சுகிற மாதிரி ஞாபகத்தை உறிஞ்சுகிறது. இளந்தாரிகளை ஏன் விட்டுவிடுகிறது? அவர்கள் மூளையில் செல்போன் வாடை அடிக்கிறதாம். முனிக்கு ஆகாதாம்.

வைத்தியம் இரண்டு கட்டம். முதல் கட்டம், உச்சிவேளையில் கண்ணில் தடவும் விழி மை. தடவினால் தூக்கம் போய்விடும். அப்புறம் கண்ணீர், மூக்கு நீர், சில பேருக்குக் கெட்ட வார்த்தை எல்லாம் வரும். அதிலும் தெளியாதவர்களுக்கு இரண்டாம் கட்டம், விழிப்பறை. ஒரு மண்டலம் உள்ளேயே தங்க வேண்டும். சாய்ந்தால் எழுப்ப ஆள் உண்டு. சொந்தக்காரர்கள் பார்க்கக் கூடாது.

கட்டணம் கிடையாது. காணிக்கை மட்டும். காணிக்கை எவ்வளவு என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.

*

கூமாப்பட்டி வீரணன் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தது ஆச்சரியம். சைனாக்காரனுக்கே பயப்படாத ஹவில்தார். பனிமலையில் காவல் நின்றவர். வயது எழுபத்திரண்டு, முதுகு இன்னும் கம்பி.

கொஞ்ச காலமாகத்தான் அவருக்கு ஒரு கோளாறு. தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் உட்கார்ந்தால் கண் செருகிவிடும். எழுந்து பார்த்தால் பக்கத்துத் தோப்புக்கும் சேர்த்துத் தண்ணீர் பாய்ந்திருக்கும். பால்காரன் பெயர் மறந்தது. ஒருநாள் மகன் பாண்டிதுரையை நாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மகன் வருத்தப்பட்டான். நாய் வந்து வாலை ஆட்டியது.

பாண்டிதுரை ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். விழிச்சித்தர் வீடியோ அவனுக்கு நான்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. நான்கு குரூப்பில் வந்தால் அது உண்மை என்பது அவனுடைய கட்சி.

"அப்பா, உங்களுக்கு வர்றது தூக்கம் இல்ல. முனி."

வீரணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்த ஊர்களைத் தெரிய வேண்டும். கூமாப்பட்டி, கான்சாபுரம், வ. புதுப்பட்டி என்று எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் ஒரு பட்டாளத்தார் வீட்டு ஓட்டில் விழும், தவறினால் போலீஸ்காரர் வீட்டில் விழும். காவல் நிற்கும்போது தூங்கியவனை என்ன செய்வார்கள் என்று அங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பயம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. மத்தியானம் யாராவது கண் அசந்து, இன்னொருவர் பார்த்துவிட்டால், "பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்" என்பார்கள். பேப்பர் மூக்கின் மேல் கூடாரம் போட்டிருக்கும்.

அப்படிப்பட்ட மனிதர்களிடம் வந்து, "நீ தூங்கவில்லை, எதிரி தாக்கினான்" என்று ஒருவன் சொன்னால்? தூங்கியது அவமானம். தாக்கப்பட்டது வீரம். அந்த வட்டாரத்து மாஜி ராணுவம் மொத்தமும் ஒரே மாதத்தில் முனியால் தாக்கப்பட்டுவிட்டது. சிலர் மெடலை மாட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

*

வீரணனுடன் மகனும் மனைவி சுந்தரம்மாளும் போனார்கள்.

சித்தர் மேடையில், மெத்தை வைத்த நாற்காலியில், சட்டை காலரில் மைக் மாட்டி உட்கார்ந்திருந்தார். வயது நாற்பதுக்குள். ராத்திரியெல்லாம் தூங்காத முகத்துக்கு நல்ல மினுமினுப்பு. வீரணனின் கண் இமையை விரித்துப் பார்த்தார். "முனி மூணாவது படிக்கட்டுல நிக்குது" என்றார். சிஷ்யன் மையைத் தடவினான். வீரணன் பல்லைக் கடித்து அட்டென்ஷனில் நின்றார். கண்ணீர் மட்டும் உத்தரவை மீறி ஓடியது.

பிறகு உச்சிப் பொழுது வந்தது. அதுதான் அங்கே முக்கியக் காட்சி. அன்றைய படையல் வீட்டார் கொண்டுவந்த கறிச்சோறு, ஈரல் வறுவல், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாவற்றையும் முனியின் சார்பாகச் சித்தரே சாப்பிட்டார். முனி பசியோடு வந்தால் பக்தர்களைத் தின்றுவிடுமாம். ஆகவே இந்தத் தியாகம்.

சாப்பிட்டு முடித்து எழுந்தார். "யுத்தத்துக்குப் போறேன்" என்றார். பின்னால் இருந்த ஏ.சி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கூட்டம் மூச்சைப் பிடித்தது. செத்த நேரம் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

பொறவு வந்தது.

"க்ர்ர்ர்ர்ர்... ஹ்ம்ப்... க்ர்ர்ர்ர்ர்ர்..."

"முனி உறுமுது," என்றார் ஒரு ரிட்டயர்டு ஏட்டு, நடுங்கி. நூறு பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஒரு நீண்ட உறுமல் பாதியில் நின்று, ஒரு விசில் சத்தத்தோடு வெளியேறியது. "சாமி முனியோட கழுத்தப் பிடிச்சுட்டாரு," என்று சிஷ்யன் நேர்முக வர்ணனை கொடுத்தான்.

சுந்தரம்மாள் மட்டும் விழவில்லை. காதைத் தீட்டிக் கேட்டாள். மகன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலே பாண்டி. இது கொறட்டைலே."

"சும்மா இரும்மா. ஆளுக பாக்காங்க."

"ஒங்கப்பா பக்கத்துல எம்புட்டு வருசமாப் படுக்கேன். எனக்குத் தெரியாதா? அந்த விசிலு இருக்கு பாரு, அது மல்லாக்கப் படுத்தாத்தான் வரும்."

"தூங்காத சாமிக்கு எப்பிடிம்மா கொறட்டை வரும்?"

"அததாம்லே நானும் கேக்கேன்."

*

மை தடவத் தடவ வீரணனுக்கு மோசமானது. பகலில் தூக்கம் போனது. இரவிலும் அது வரவில்லை. கண் சிவந்தது. வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டார். சித்தரிடம் சொன்னபோது அவர் கவலைப்படவில்லை. "முனி கடைசிப் படிக்கு வந்துருச்சு. வெள்ளிக்கிழமை விழிப்பறையில விட்டுருங்க."

சுந்தரம்மாளுக்கு மலைச்சாமியின் கதை தெரியும். கான்சாபுரம் மலைச்சாமி, மாஜி போலீஸ், விழிப்பறையிலிருந்து போன மாதம்தான் வெளியே வந்தார். தன் வீட்டு வாசலில் நின்று, "இங்க மலைச்சாமின்னு ஒருத்தர் இருக்காராமே?" என்று பெண்டாட்டியிடம் விசாரித்தார்.

பால்கோவா வாங்கப் போவதாகப் பொய் சொல்லி, புருஷனை ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் அக்சாவின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் வயதில் சின்னவர். கேள்விகள் பெரிசு. ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிப்பீங்க, என்ன மாத்திரை, எப்பப் போடுவீங்க, கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு. சுந்தரம்மாள் மை விவகாரத்தையும் சொன்னாள்.

"எல்லா மாத்திரையும் ராத்திரி ரோல்கால் டயத்துல, மொத்தமா," என்றார் வீரணன் பெருமையாக. "பட்டாளத்துப் பழக்கம்."

டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இதுல பிரஷருக்கு நீர் மாத்திரை இருக்கு. காலையில போட வேண்டியது. ராத்திரி போட்டா விடிய விடிய பாத்ரூமுக்குப் பரேடுதான். ராத்திரி தூக்கம் கெட்டா பகல்ல கண்ணு சொக்காம என்ன செய்யும்? ஞாபகமும் தடுமாறும்."

"அப்ப மத்தியானம் தூங்குனா மூளை கெடாதா தாயி?" என்றாள் சுந்தரம்மாள்.

"கொஞ்ச நேரம் குட்டித் தூக்கம் போட்டா கெடாது, ஆச்சி. தெளிச்சியாக்கூட இருக்கும். ஆனா ஒருத்தர் திடீர்னு மணிக்கணக்கா பகல்ல தூங்க ஆரம்பிச்சா, ஏன்னு கண்டுபிடிக்கணும். தூக்கம் ஒரு தகவல் சொல்லுது. தகவல் கொண்டாந்தவன் கண்ணுல எரியுற மையப் போட்டா எப்படி? முதல்ல அந்த மைய நிறுத்துங்க."

வெளியே வந்ததும் வீரணன் சொன்னார். "நான் வெள்ளிக்கிழமை உள்ள போறேன்."

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. பாத்ரூம் போனதால தூங்கிட்டான் வீரணன்னு ஊருக்குள்ள சொல்லச் சொல்றியா? என் செட்டு ஆளுக பூராம் முனிகூடச் சண்ட போடுதாங்க. நான் மட்டும் ஒண்ணுக்குப் போயித் தோத்தேன்னா?"

அங்கேதான் சிக்கல். மகனை மிரட்டலாம், மாத்திரையை மாற்றலாம். புருஷனின் மானத்தை என்ன செய்ய? அவர் தன் காலால் நடந்து விழிப்பறைக்குள் போவார், சல்யூட் வேறு அடிப்பார். அவர் செட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் முனி செத்தால்தான் இந்த மனுசன் பிழைப்பார்.

*

மறுநாள் சுந்தரம்மாள் குடோனுக்குப் போனாள். சித்தரைப் பார்க்க அல்ல. அங்கே மைக்செட் போடும் ஆஸ்டினைப் பார்க்க.

"ஏய்யா, அந்த உறுமல் எப்படி ஆரம்பிச்சது?"

ஆஸ்டின் வயரைச் சுற்றிக்கொண்டே சிரித்தான். "முதல்ல உள்ள மைக்கே கிடையாது பெரியம்மா. ஒருநா சாமி காலர் மைக்க ஆஃப் பண்ணாம உள்ள போயிட்டாரு. சத்தம் ஸ்பீக்கர்ல வந்துருச்சு. போச்சு, மாட்டுனாருன்னு நெனச்சேன். பாத்தா மொத்தக் கூட்டமும் விழுந்து கும்பிடுது. சாமி வெளிய வந்தாரு, பாத்தாரு, புரிஞ்சுக்கிட்டாரு. மறுநாளே அறைக்குன்னு தனி மைக் ஆர்டர்."

"நீ ஏன்யா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மொத ஆளு நீங்கதான்."

அவள் யோசித்தாள். "வெள்ளிக்கிழம எங்க படையல். அறை மைக்கும் ஓடட்டும், காலர் மைக்கும் ஓடட்டும். அம்புட்டுதான் நீ செய்ய வேண்டியது."

*

வெள்ளிக்கிழமை. குடோன் வழிந்தது. ஹவில்தார் வீரணன் விழிப்பறைக்குப் போகிற நாள் என்று தெரிந்து, மாஜிகள் எல்லாரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். பாண்டிதுரை அப்பாவின் மாற்றுத் துணிப் பையைப் பிடித்தபடி நின்றான்.

படையலில் சுந்தரம்மாள் குறை வைக்கவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு. மட்டன் சுக்கா. நெய் மிதக்கும் பருப்பு. மேலே தயிர்ச்சோறு. அதற்கு மேலே பால்கோவா. முனியின் சார்பாகச் சித்தர் மறுசோறு வாங்கினார். மறுபடியும் மறுசோறு வாங்கினார். எழுந்தபோது மேடைப் பலகை முனகியது.

"யுத்தத்துக்குப்... போறேன்," என்றார், ஏப்பத்துக்கு நடுவில்.

"சாமி," என்று கும்பிட்டு எழுந்தாள் சுந்தரம்மாள். "தினமும் நீங்க ஒத்தையில போயிச் சண்ட போடுதீக. பாக்கச் சகிக்கல. இம்புட்டுப் பட்டாளம் இங்க சும்மா உக்காந்துருக்கு. இன்னைக்கு நீங்க எங்க கண்ணு முன்னால இந்த நாற்காலியில இருங்க. எங்க ஆளுக அறை வாசல்ல காவல் நிக்கட்டும். முனி எப்படியும் உள்ள வரும்லா? மைக்குதான் இருக்கே, கேட்டுக்கிடலாம்."

சித்தர் வாயைத் திறந்தார். அதற்குள் வாழ்க்கையில் மறுபடியும் ஒரு டூட்டி கிடைத்த சந்தோஷத்தில் மாஜிகள் எழுந்துவிட்டார்கள். பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு, அறை வாசலில் இரண்டு வரிசை. கமாண்டர் வீரணன்.

"நாங்க இருக்கோம் சாமி. நீங்க உக்காருங்க."

"முனி... ஆபத்து..."

"ஆபத்துக்குத்தான் சாமி அரசாங்கம் எங்களுக்குச் சோறு போட்டுச்சு."

மறுக்க முடியுமா? சித்தர் உட்கார்ந்தார்.

உச்சி வெயில் தகரக் கூரையில் ஏறியது. அறை மைக் ஸ்பீக்கரில் ஏ.சி. மட்டும் "உய்ய்" என்றது. முனியைக் காணோம். கூட்டம் அறைக் கதவையே பார்த்தது. சுந்தரம்மாள் சித்தரைப் பார்த்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடையைக் கிள்ளினார். தண்ணீர் குடித்தார். கண்ணை அகல விரித்தார். வலது இமை இறங்கியது. அதைத் தூக்கினார். இடது இமை இறங்கியது. கொஞ்ச நேரம் இரண்டும் முறை வைத்து இறங்கின. பால்கோவா தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. தாடை நெஞ்சில் தொட்டது.

"க்ர்ர்ர்ர்ர்... ஹ்ம்ப்... க்ர்ர்ர்ர்ர்ர்..."

கூட்டம் கை கூப்பியது. கதவுப் பக்கம் திரும்பி விழப் போன ரிட்டயர்டு ஏட்டு, பாதியில் நின்றார். சத்தம் ஸ்பீக்கரில் மட்டும் இல்லை, பின்னாலிருந்து நேராகவும் வருகிறது. மெதுவாகத் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

சித்தர் வாய் பிளந்து, கழுத்து சரிந்து, காலர் மைக்குக்கு நேராக, முழு உற்சாகத்தோடு உறுமிக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது ஒரு பெண். பிறகு பெண்கள் பக்கம் முழுக்க. "எங்க வீட்டு முனியும் இதே சுதிதான்" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுது விசில் இல்லாதது" என்றாள் இன்னொருத்தி. குடோன் தகரம் அதிர்ந்தது. அதற்கும் அவர் எழவில்லை.

வீரணன் மேடை ஏறினார். முகத்தில் பனிமலை. சித்தர் காதருகே குனிந்து, காவல்காரன் இருட்டில் வருகிறவனை 'நில், வருவது யார்' என்று இந்தியில் மறிக்கும் பட்டாளத்துக் குரலில் கேட்டார்.

"தம். கௌன் ஆதா ஹை?"

சித்தர் கண் திறக்காமலே சொன்னார். ஸ்பீக்கர் ஊருக்கெல்லாம் சொன்னது.

"இன்னும் அஞ்சு நிமிசம்மா..."

பிறகுதான் விழித்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிழைப்புக்காரன் அல்லவா, நொடியில் நிமிர்ந்தார். "பக்தர்களே, முனி தந்திரம் செய்துவிட்டது. என் உடம்புக்குள்ளேயே இறங்கிவிட்டது."

பாதிக் கூட்டம் மறுபடி கை கூப்பத் தயாரானது. கைகளுக்கு அப்படி ஒரு அவசரம். பாண்டிதுரையின் கையும் பாதி தூரம் போயிருந்தது.

"அப்படியா சாமி," என்றாள் சுந்தரம்மாள் பரிதாபமாக. "அப்ப லேட் பண்ணாதீக. யாருய்யா அங்க, அந்த விழி மைய எடு. சாமி ரெண்டு கண்ணுலயும் நல்லா அப்பு."

மாஜிகள் மை டப்பாவோடு நெருங்கினார்கள். சித்தர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"வேணாம். கிட்ட வராதீங்க. அது மிளகாய் வித்துச் சாறுய்யா. கண்ணு போயிரும்."

சிரிப்பு நின்றது.

அதுவும் ஸ்பீக்கரில்தான் வந்தது. இரண்டு வரிசையும் சிவந்த கண்களோடு அவரைப் பார்த்தன. பாண்டிதுரை துணிப் பையைக் கீழே போட்டான்.

"எங்கப்பா கண்ணுல அதத் தடவுனியேலே," என்றான்.

விழிப்பறைக் கதவை உடைக்க மாஜிகளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. உள்ளே இருந்த ஏழெட்டு வயசாளிகளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். போலீஸ் வருகிற வரை சித்தருக்குக் காவல் போட்டார்கள். அவர் பெயர் வல்லரசு என்றும், முன்பு இன்வெர்ட்டர் பேட்டரி விற்றவர் என்றும் ஜீப்பில் ஏறும்போது தெரிந்தது.

வீரணன் மேடை விளிம்பில் உட்கார்ந்தார். செட்டு ஆட்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு முனியெல்லாம் கிடையாதுப்பா. ராத்திரி ஒண்ணுக்குப் போறதுல தூக்கம் கெட்டுப்போகுது. அதான் மத்தியானம் தூங்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு ரிட்டயர்டு ஏட்டு மெதுவாகக் கை தூக்கினார். "நானும்தான்." அவருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, ஒரு வரிசையே கை தூக்கியது. முனியை எதிர்ப்பதைவிட அதற்குத்தான் அதிகத் துணிச்சல் தேவைப்பட்டது.

ஹவில்தார் துண்டை விரித்து அங்கேயே சாய்ந்தார். சுந்தரம்மாள் விசிறினாள். பாண்டிதுரை அப்பாவின் தலைக்கு அந்தத் துணிப் பையை வைத்தான்.

நீர் மாத்திரை காலைக்கு மாறியது. இரவு தூக்கம் பெரும்பாலும் திரும்பியது. மறதி எல்லாம் ஓடிவிடவில்லை. பால்காரன் பெயர் இன்னும் தகராறுதான், அதற்கு டாக்டரம்மா தொடர்ந்து பார்க்கிறார். மகனை மகன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நாய்தான் கொஞ்சம் வாடிப்போயிருக்கிறது.

குடோன் பூட்டிக் கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். முழங்கால் வலியை மூச்சால் ஊதித் தள்ளும் ஒரு அம்மா வாடகை பேசிவிட்டுப் போயிருக்கிறாராம். பேனர் அச்சில் இருக்கிறது. ஆகவே அன்பர்களே, ஒரு விஷயம். அந்தக் குறட்டையைக் கும்பிட்ட ஒவ்வொருவரும் அதைத் தன் வீட்டில் தினம் கேட்டவர்தான். வீட்டில் கேட்டால் தலையணையை எடுத்து அடிக்கிறோம், ஸ்பீக்கரில் கேட்டால் விழுந்து கும்பிடுகிறோம். அடுத்த தடவை கை கூப்புவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். யோசித்துக் களைப்பாக இருந்தால் போய் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வந்து, மறுபடியும் யோசியுங்கள்.